கதவை மூடிப் போட்ட புகை

மின் சிகரெட்டின் நுனியில் இருந்த பச்சை விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. வேனின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி துருஸ்பெக் அதை உள்ளங்கையில் தட்டினான், ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக்கினான், மறுபடி உறிஞ்சினான். கருகிய பஞ்சின் ருசிதான் வந்தது. மின் சிகரெட்டுக்குத் தடை வந்ததிலிருந்து கராகோல் ஊரில் எந்தக் கடையிலும் அதற்கான திரவம் கிடைக்கவில்லை. அதே கடைகளில் சிகரெட் பெட்டிகள் மட்டும் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன.

"என்னடா, சார்ஜ் ஏறலையா?" பக்கத்து வேனில் சாய்ந்து நின்ற குபாத் கேட்டார். "நாங்க நெருப்பு குடிச்சோம், நீ முலாம்பழ ஆவி குடிச்ச. இப்ப அதுவும் போச்சு."

"சும்மா இருண்ணே."

"இருக்கேன். இந்தா." ஒரு சிகரெட்டை அவன் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார்.

அவன் அதைத் தூக்கி எறியவில்லை. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே வந்தது. அவன் மனைவி ஐசிரெக்கின் அப்பா நுரையீரல் நோயில் இறந்தவர். கடைசிவரை அவர் துப்புவதற்குக் கிண்ணம் பிடித்தவள் அவள். இன்னொருவருக்குக் கிண்ணம் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் போன குளிர்காலத்தில் அம்மா வீட்டுக்குப் போனாள். அவன் சிகரெட்டை விட்டதாகச் சத்தியம் செய்த பிறகே வந்தாள். இனி ஒன்று பற்றவைத்தால் தேடி வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். வந்தவள் அவன் கையில் இருந்த கருவியைப் பார்த்து, "விட்டீங்களா, கை மாத்தினீங்களா?" என்று கேட்டாள். ஆனால் ராத்திரியில் அவன் இருமுவது நின்றிருந்தது.

வீட்டில் யாருமில்லை. அடுப்படி ஜன்னலோரம் நின்று பற்றவைத்தான். தலை சுற்றியது. பாதியில் அணைத்து, கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். வாடை திரைச்சீலையில், தலைமுடியில், எங்கும் இருந்தது. அலமாரி மேல், நோயும் கண்ணேறும் போகப் புகை போட அவள் வைத்திருந்த அர்ச்சா மரக் குச்சிகள் கண்ணில் பட்டன. வாணலியில் போட்டுக் கொளுத்தி, தெருவில் யாரும் பார்த்துவிடாதபடி கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு அறை அறையாகப் புகை காட்டினான்.

அப்போதுதான் அவள் வந்தாள். தையற்கூடத்தில் கரண்டு போய்விட்டதாம். வாசலில் ஒரு பூட்ஸைக் கழற்றியவள் அப்படியே நின்றாள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல. கண்ணு பட்டிருக்குமோன்னு..."

"நம்ம மேலயா? இந்த வேனைப் பார்த்தா?" அவள் சிரிக்கவில்லை. "அர்ச்சா போடுறவங்க கதவைத் திறந்து வைப்பாங்க. மூடிக்கிட்டா கெட்டது எந்த வழியா போகும்?"

அவன் கையில் வாணலி சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"பாதிதான்," என்றான். "அந்தக் கருவி செத்துப்போச்சு, ஐசிரெக். எங்கேயும் கிடைக்கல."

"எனக்கு அதையும் பிடிக்கல," என்றாள். "ஆனா உங்க பக்கத்துல தூங்கினேன். அப்பா இருமுறது காதுல கேக்காம தூங்கினேன்."

"நாளைக்கு..."

"நாளைக்குன்னு சொல்லாதீங்க."

ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் காலுறையுமாக நொண்டி வந்து அவன் கையிலிருந்து வாணலியை வாங்கினாள். கதவை அகலத் திறந்தாள். குளிர் உள்ளே பாய்ந்தது. அவனைக் குனியச் சொல்லி, "அலஸ், அலஸ்" என்று கெட்டதை விரட்டும் சொல்லை முணுமுணுத்தபடி அவன் தலையைச் சுற்றி வாணலியைக் கொண்டுபோனாள். அவன் கண்ணை மூடவில்லை. புகை வாசலைத் தாண்டித் தெருப்பக்கம் போவதையும், மிதியடி மேல் தனியாகச் சாய்ந்து கிடந்த ஒற்றைப் பூட்ஸையும், அவள் காலில் இன்னும் இறுகக் கட்டியிருந்த மற்றொன்றையும் பார்த்துக்கொண்டே குனிந்திருந்தான்.