போர்வைக்காரியின் தூக்கம்

போர்வைக்காரி குளிர்காலத்தில் தூங்குவதில்லை. படுத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரளுவது வேறு, அது எல்லார் வீட்டிலும் நடப்பது. இவளிடம் தூக்கமே இருக்காது, அவ்வளவுதான். அவள் தைத்துக் கொடுத்த போர்வைகளுக்குள் அது இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக் கட்டிலில் கொஞ்சம், தபால்காரர் வீட்டில் கொஞ்சம், உட்கார்ந்தபடியே தூங்குகிற டீச்சரின் நாற்காலியில் கொஞ்சம் என்று ஊர் முழுக்க விரித்துக் கிடந்தது. இதை அறியாதவர் ஊரில் கிடையாது. மாவு விலை ஏறியதைச் சொல்வது போல, இந்த வருஷமும் அவள் தூங்கவில்லையாம் என்று சொல்லிவிட்டு, அவளுடைய போர்வையையே இழுத்து மூடிக்கொண்டு சுகமாகத் தூங்குவார்கள். மனுஷர்கள் அப்படித்தான், என்ன செய்வது.

குற்றம் முழுக்க அவளுடைய பல்லின் மேல்தான். பழைய துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டு, அடியில் பஞ்சு பரப்பி, அதற்கும் அடியில் ஒரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் தைப்பது அவள் தொழில். கடைசி முடிச்சைப் போட்டதும் நூலைக் கத்தரியால் வெட்ட வேண்டும். தையல் கற்றுக்கொடுக்கிற எல்லாரும் முதலில் சொல்வது இதை. தைக்கிற எல்லாரும் மீறுவதும் இதைத்தான். மடியில் போர்வையின் கனம், ஒரு கையில் ஊசி, தேடுகிற நேரத்தில் கத்தரி எந்தத் துணிக்கு அடியில் கிடக்கிறதோ யார் கண்டது. குனிந்து ஒரு கடி, முடிந்தது வேலை. அந்தக் கடியில்தான் அவளுடைய தூக்கம் முடிச்சுக்குள் போய்விடும். முதல் போர்வையை அக்காவின் கல்யாணத்துக்காகத் தைத்தாள். இரட்டைக் கட்டிலுக்கு அளவெடுத்த பெரிய போர்வை. பிரியத்தில் அழுத்திக் கடித்தாள், தூக்கத்தில் பெரும்பங்கு அன்றைக்கே போய்விட்டது. பிற்பாடு விஷயம் புரிந்து, கத்தரியால் வெட்டிப் பார்க்காமல் இல்லை. அப்படிக் கொடுத்த போர்வைகள் எல்லாம் திரும்பி வந்தன. சூடு இருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை என்று வாங்கியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவள் முடிச்சைப் பிரித்து, மறுபடி போட்டு, கடித்துக் கொடுத்தாள். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வராது. பல் மட்டும் நன்றாக வேலை செய்தது.

அதனால் வசந்தம் என்றால் அவளுக்குக் கொட்டாவி. வெயில் சேர்ந்தாற்போல் அடிக்கத் தொடங்கியதும் ஊரார் போர்வைகளை உதறிக் கொடியில் போட்டு, மாலையில் மடித்துப் பெட்டிக்குள் வைப்பார்கள். எந்த வீட்டில் பெட்டி மூடினாலும் இங்கே இவளுக்கு ஒரு கொட்டாவி வரும். ரொட்டிக்கடைக்காரரிடமிருந்து வருவதில் மாவு வாசனை இருக்கும். தபால்காரருடையது கால் உளைச்சலோடு வந்து சேரும். கொட்டாவிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும் அந்த நாட்களில் அவளுக்குச் சின்னச் சின்ன சுகங்கள் உண்டு. துணி வெட்டும் மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போடுவாள். குளிர்காலமெல்லாம் பல்பு வெளிச்சத்தில் கறுப்பு என்று நம்பித் தைத்த நூல் கரும்பச்சை என்று அப்போதுதான் தெரியவரும். தனக்குள் சிரித்துக்கொள்வாள், இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. விரல் விறைப்பு விட்டு, ஊசி சொன்ன பேச்சைக் கேட்கும். வெறுங்காலோடு வாசல்படியில் டீ குடித்தபடி, எதிர் மரத்தின் துளிருக்கு எந்தத் துண்டுத் துணி சேரும் என்று யோசிப்பாள். எதுவும் சேராது. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. கடைசிப் பெட்டியும் மூடியபின் போய்ப் படுப்பாள், யார் கதவைத் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டாள்.

அக்காவின் வீட்டுக்காரர் செத்துப்போன வருஷம் மட்டும் இது நடக்கவில்லை. அவர் போனது நடுக்குளிரில். தூங்காத கண் காகிதம் மாதிரி காய்ந்து போகும். அந்தக் கண்ணோடு போர்வைக்காரி அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மனசுக்குள் அத்தனை அழுகை இருந்தும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. தன் தங்கை என்றால் உயிரை விடுகிற அக்கா, அத்தனை பேர் முன்னால் திரும்பிப் பார்த்து, "அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் கூடவா உனக்கு வரலை?" என்று கேட்டாள். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது.

வசந்தம் வந்தது. கொட்டாவிகள் வந்தன, தூக்கம் வரவில்லை. படுத்தால் கூரைதான் தெரிந்தது. மேஜையை ஜன்னலோரம் போட்டாள், துளிரைப் பார்த்தால் கண் கூசியது. டீ வாயில் வெந்நீராக இருந்தது. வெயில் காலத்தில் தைக்க எடுக்கிற சட்டைகளில் ஒன்றின் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டு, அரை நாள் கழித்துத்தான் பார்த்தாள். இன்னொரு குளிர்காலத்தை இப்படியே தாங்க முடியாது, விழுந்துவிடுவோம் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. எங்கேயோ ஒரு போர்வை இன்னும் பெட்டிக்குப் போகவில்லை. கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு தேடக் கிளம்பினாள். எந்த வெயிலிலும் குளிர்கிறது என்கிற தபால்காரர் மேல்தான் முதல் சந்தேகம். அவர் பெட்டியைத் திறந்து காட்டி, தன்னை இப்படி நினைத்துவிட்டாளே என்று கோபித்துக்கொண்டார். டீச்சர் பூச்சி உருண்டை வாசனையோடு தன்னுடையதை எடுத்துக் காட்டினார். வீடு வீடாக ஏறி இறங்கிய பிறகுதான், முதல் நாளிலிருந்தே தெரிந்த ஒன்றைத் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். ஒவ்வொரு வருஷமும் வசந்தத்தின் முதல் கொட்டாவி அக்கா வீட்டிலிருந்துதான் வரும். அக்கா அவ்வளவு சுத்தக்காரி, ஊருக்கு முன்னால் மடித்து வைத்துவிடுவாள். இந்த வருஷம் அது வரவேயில்லை.

அக்காவின் வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. நடுப்பகல், ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. எழுந்து முகம் கழுவி ஏதோ சாப்பிடுகிறாள், மறுபடி படுத்துவிடுகிறாள், பனி விலகியதிலிருந்து இப்படித்தான் என்று பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே சொல்லியிருந்தாள். இரட்டைக் கட்டிலின் ஒரு ஓரத்தில், கல்யாணப் போர்வைக்குள் அக்கா சுருண்டு கிடந்தாள். போர்வைக்காரி கட்டிலை நெருங்கினாள். ஊர் கூட்டி அவமானப்படுத்தியவள் தன் தூக்கத்தை அல்லவா தூங்கிக்கொண்டிருக்கிறாள்! கால்மாட்டு மூலையில் தடவி முடிச்சைக் கண்டுபிடித்தாள். கத்தரியை எடுத்தாள். ஒரு வெட்டு, எல்லாம் திரும்பி வந்துவிடும்.

"வெட்டிக்கோ," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "உன்னோடதுதானே."

"தெரிஞ்சேவா தூங்கறே?"

"ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியாதா? முழிச்சா அவர் இல்லைன்னு தெரியுது. தூங்கினா தெரியலை. வேற யார்கிட்ட போய்க் கேப்பேன் சொல்லு. உன்கிட்ட பேச முகம் இல்லை. அதான் கேக்காமலே எடுத்துக்கிட்டேன்."

வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகள் போர்வைக்காரியிடம் நிறைய இருந்தன. அவற்றைச் சொல்லவும் தெம்பு வேண்டுமே. அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அழுகை வராம இல்லைக்கா. கண்ணுல தண்ணியே இல்லை. ரொம்ப அசதியா இருக்கு எனக்கு."

அக்கா கண்ணைத் திறந்து அவளை நன்றாகப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சொல்லாமலே விளங்கும். பிறகு மெல்ல நகர்ந்து, தன் வீட்டுக்காரர் படுத்திருந்த பக்கத்துக்குப் போனாள். அவர் போனதிலிருந்து அந்தப் பக்கம் அவள் கால்கூட நீட்டியதில்லை. தான் படுத்திருந்த சூடான இடத்தைத் தட்டிக் காட்டி, "வா, படு" என்றாள்.

தைத்தவள் தான் தைத்த போர்வையைப் போர்த்துக்கொள்வதில்லை. விற்பனைக்குப் போகிற பொருளில் ஆள் வாசனை ஏறக்கூடாது என்று தொழிலில் வைத்திருக்கிற வழக்கம் அது. அதனால் இத்தனை வருஷத்தில் தன் தூக்கம் இருக்கும் இடத்துக்குத் தானே போய்ப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். அது அங்கேதான் இருந்தது. தலையணையில் தலை படுவதற்குள் தூங்கிப்போனாள்.

அவர்கள் எழுந்தபோது மரங்களில் துளிர் எல்லாம் முற்றி இலையாகியிருந்தது. நடுவில் ரொட்டிக்கடைக்காரர் வந்து ரொட்டியை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போயிருந்தார். போர்வைக்காரி கட்டிலில் உட்கார்ந்து, ஒரு பருவம் தாமதமாக, அக்காவின் வீட்டுக்காரருக்காக அழுதாள். மூக்கைச் சிந்திச் சிந்தி, தலையணை நனைய அழுதாள். அக்கா தடுக்கவில்லை, டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் போர்வை அதற்குப் பிறகு பெட்டிக்குப் போகவே இல்லை. குளிர் வந்ததும் ஊரார் வந்து புதுப் போர்வை கேட்டார்கள், அவளும் கடித்துக் கடித்துக் கொடுத்தாள். மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்ப் பாதிப் போர்வையில் படுத்துக்கொள்வாள். தெருவில் போகிறவர்களுக்குக் குறட்டைச் சத்தம் கேட்கும். தூக்கம் தங்கையுடையதாக இருந்தாலும் குறட்டை அக்காவின் சொந்தக் குறட்டைதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இருக்கவில்லை.