ஒற்றைக் கோடு

வெளிநாட்டு வெள்ளத்தில் மீட்புக்குப் போன தன்னார்வக் குழுவில், மஞ்சள் பெயின்ட் டப்பா எலக்ட்ரீஷியனின் பொறுப்பு. படகுகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வேண்டியதையெல்லாம் சுவரே சொல்லிவிடும். வீட்டுக்குள் நுழையும்போது வாசலருகே சாய்வாக ஒரு கோடு: உள்ளே எங்கள் ஆள் இருக்கிறார், நீங்கள் அடுத்த வீட்டைப் பாருங்கள். வெளியே வந்ததும் குறுக்கே இன்னொரு கோடு. அந்தப் பெருக்கல் குறிக்குக் கீழே, உள்ளே விட்டுவந்தவர்களின் எண்ணிக்கை. அடுத்து வரும் படகு அவர்களை ஏற்றிக்கொள்ளும்.

காலையில் நீல கேட் வீட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு மாடியேறினான். அக்காவும் தம்பியும் இருந்தார்கள். தம்பிக்குக் கால் முறிந்திருந்தது; அவரைப் படுக்கவைத்தால் படகில் அக்காவுக்கு இடமில்லை. முதலில் அவனைக் கொண்டுபோங்கள் என்று அக்காதான் கைகாட்டினாள். அதற்குள் தண்ணீர் படிக்கட்டை மூடிவிட, படகைப் பின்பக்கம் வரவழைத்து ஜன்னல் வழியாகத் தம்பியை இறக்கினார்கள்; எலக்ட்ரீஷியனும் அப்படியே படகில் இறங்கிக்கொண்டான். வாசல் சுவர் வீட்டின் மறுபக்கம் இருந்தது.

சாயங்காலம் முகாமில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாவது படகை ஓட்டும் குண்டூசி சீண்டினான்.

"என்னய்யா, நீல கேட் வீட்லயே குடித்தனம் போயிட்டியா? போகும்போதும் வரும்போதும் பாக்குறோம், உன் கோடு ஒத்தையாவே நிக்குது."

எலக்ட்ரீஷியன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். படகு போன பின்ஜன்னலிலேயே அந்த அக்கா காத்திருந்திருப்பாள். இவர்கள் என்ஜின் இரைச்சலோடு முன்பக்கமாகவே கடந்துபோயிருக்கிறார்கள்.

அக்கா இன்னும் உள்ளேதான் என்று சொன்னதும் குண்டூசியின் முகம் செத்துப்போனது. இருவரும் குழுத் தலைவரிடம் ஓடினார்கள். அவர் திட்டவில்லை. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், அந்தத் தெருவில் இப்போது எந்தப் படகும் நிற்காது, ஹெலிகாப்டரும் இன்று கிடைக்காது என்றார்.

"தண்ணி இறங்கட்டும்பா. இப்ப போனா உன்னையும் சேத்துத் தேடணும்."

தம்பி கட்டுப்போட்ட காலோடு முகாம் கட்டிலில் கிடந்தார். தனக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் பொதுவாக இருந்த நாலைந்து வார்த்தைகளை வைத்துக்கொண்டு, அக்கா எந்தப் படகில் வருகிறாள் என்று கேட்டார்.

எலக்ட்ரீஷியன் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினான். பிறகு, குறுக்கே போட வேண்டிய கோட்டைப் போடாமல் கையைப் பாதியில் நிறுத்தினான். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். உட்காரச் சொல்லிப் பக்கத்து நாற்காலியைக் காட்டப் போனவர், நினைத்துக்கொண்டு, தன் போர்வையை மடித்து அதில் வைத்தார்.

"அக்காவுக்கு" என்றார்.

எலக்ட்ரீஷியன் நின்றுகொண்டே இருந்தான்.