மைக்கு முதலில், ரிமோட் அப்புறம்

போன வருடம் புனித வாரத்தில், இலோய்லோவிலிருந்து பகோலோட் போகும் எங்கள் படகில் ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்றுத் தொலைத்தோம். சீட்டு விற்க யாரோ எழுதிக் கொடுத்த பழைய கணினி நிரல் அது. ஓர் இருக்கையை இருவர் திரையில் ஒரே நொடியில் தொட்டால் இருவருக்கும் சீட்டு கொடுத்துவிடும். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணின் இடத்தில் வேறொரு ஆள் உட்கார்ந்துகொண்டு எழமாட்டேன் என்றான். அவள் இறங்கிவிட்டாள். படகு கிளம்பிய பிறகும் துறையில் பையின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கம்பெனி சட்டை போட்டிருந்த பாவத்துக்கு நான்தான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வருடம் முதலாளி திவினகிராசியா மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். "ஜொய்லின், இன்னொரு தரம் ஒரு சீட்ல ரெண்டு பேர் உக்காந்தா, வேலைய மணிலாக்காரங்ககிட்ட குடுத்துருவேன். நீயும் ரோமெலும் வேற இடம் பாத்துக்கங்க." ரோமெல் என்னோடு நிரல் எழுதுகிறவன்.

மணிலாக்காரர் என்றால் அகோஸ்டா. யோசனை சொல்வதற்கென்று வந்து, இலோய்லோ முழுக்க மீன் தின்றுவிட்டு, எங்கள் மேசையில் வந்து ஏப்பம் விடுகிற மனிதர்.

நான் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு மியூட்டெக்ஸ் வைத்தேன். மேடத்துக்குக் கணினி என்றாலே ஒவ்வாமை.

"மியூ... என்னதுடீ அது? பூனை பேரா?"

"மைக்கு மாதிரி மேடம். உங்க வீட்ல கரோக்கே பாடுறப்ப மைக்கு யார் கையில இருக்கோ அவங்கதான பாடுவாங்க? மத்தவங்க காத்திருக்கணும். பாடி முடிச்சதும் கீழ வைக்கணும். அப்பதான் அடுத்தவங்க எடுக்கலாம். சீட்டுக்கும் அப்படித்தான். மொதல்ல தொட்டவங்க கையில மியூட்டெக்ஸ். அவங்க விடுற வரைக்கும் வேற யாரும் தொட முடியாது."

"அட, இவ்வளவுதானா? இதுக்குப் போய் இங்கிலீஷ்ல ஒரு பேரு!"

சனிக்கிழமை அலுவலகத்தார் குடும்பங்களை வைத்து ஒத்திகை பார்த்தோம். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஒரு சீட்டும் விற்கவில்லை.

அகோஸ்டா வயிறு குலுங்கச் சிரித்தார். "திருடன் வரக் கூடாதுன்னு பூட்டு போடச் சொன்னா, கடையையே பூட்டிட்டாங்க மேடம்!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் காபியில் உப்பை அள்ளிப் போட்டிருப்பேன். மேடம் சிரிக்கவில்லை. "நாளைக்கு என் பொறந்தநாள். எல்லாரும் சாப்பிட வாங்க. திங்கக்கிழமை காலைல விற்பனை தொறக்கணும். அதுக்குள்ள சரியாகலன்னா அகோஸ்டா எடுத்துக்குவார்" என்றார்.

ஞாயிறு மதியம் மேடம் வீட்டு முற்றத்தில் முழுப் பன்றி வாட்டி, நீண்ட ஆயுளுக்குப் பன்சித் நூடுல்ஸ் கிளறி ஏக அமர்க்களம். நான் மட்டும் மடிக்கணினிப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பாட்டுப் பெட்டிப் பக்கத்தில் மேடத்தின் தங்கைகள் இருவரும் எப்போதும்போல ஆரம்பித்தார்கள். அத்தை முறைக்கு நாங்கள் தியா என்போம்; மூத்தவர் சாரிங் தியா கையில் மைக்கு. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் ரிமோட் லூமிங் தியா கையில்.

"ரிமோட்டக் குடு, என் பாட்டப் போடணும்."

"நீ மொதல்ல மைக்கக் குடு."

"நான் ஏன் குடுக்கணும்? நான்தான் மொதல்ல எடுத்தேன்."

"ரிமோட்ட நான்தான் மொதல்ல எடுத்தேன். உன் குரலுக்கு நாய் கூட ஊளையிடாது, வையிடி கீழ!"

இருவரும் விடவில்லை. பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. முற்றமே வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. "தியா, நீங்களாவது விட்டுக்குடுங்க" என்று ரோமெல் மூத்தவர் சாரிங்கிடம் கெஞ்சினான். கேட்பாரா?

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. நேற்று நின்று போனது இதனால்தான்! எங்கள் ஊரில் யாரும் தனியாகப் படகு ஏறுவதில்லை, குடும்பமாகத்தான் ஏறுவார்கள். வீட்டுப் பெரியவருக்கு முதலில் ஜன்னலோரம் பிடிப்பார்கள், பிறகுதான் மற்றவர்களுக்குப் பக்கத்து இடங்கள். இரண்டு குடும்பத்துக்கும் இடம் போதாத ஒரே வரிசையில் ஒரு குடும்பம் இடது ஜன்னலிலிருந்தும் இன்னொரு குடும்பம் வலது ஜன்னலிலிருந்தும் நடுவை நோக்கிப் பிடித்து வந்தால்? பாதி இவர்கள் கையில், மீதி அவர்கள் கையில். கேட்டது முழுக்கக் கிடைக்கும்வரை பிடித்ததை யாரும் விடமாட்டார்கள். நீ விடு, நீ விடு என்று நிற்க வேண்டியதுதான். மியூட்டெக்ஸ் தப்பே செய்யவில்லை. எதை முதலில் எடுப்பது என்று நான்தான் அதற்குச் சொல்லவில்லை.

அதற்குள் மேடம் எழுந்து வந்து ஒரு அதட்டல் போட்டார். "ரெண்டையும் கீழ வைங்கடி! இந்த வீட்ல இனிமே மைக்கு முதல்ல, ரிமோட் அப்புறம். மைக்கு கையில இல்லாதவ ரிமோட்டத் தொடக் கூடாது!"

நான் ஓடிப் போய் மேடத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் பயந்துவிட்டார். அங்கேயே, பன்றிக் கொழுப்பு ஒட்டிய மேசையில் மடிக்கணினியைத் திறந்து மாற்றினேன். யார் எந்த ஜன்னலைக் கேட்டாலும் சரி, நிரல் இருக்கை எண்படி சின்ன எண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும். சின்னது கிடைக்காதவர் பெரியதைத் தொடக் கூடாது.

திங்கள் காலை விற்பனை திறந்ததும் ஊரே முட்டி மோதியது. நானும் ரோமெலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தோம். வரிசைகள் நிரம்பின. மேலும் நிரம்பின. எங்கும் நிற்கவில்லை. கடைசி இருக்கை விற்றதும் ரோமெல் நாற்காலி மேல் ஏறி ஆடினான்.

அகோஸ்டாவுக்கு நம்ப முடியவில்லை. "எப்படி மேடம்?"

"மியூட்டெக்ஸ் சார்" என்றார் மேடம், பிறந்ததிலிருந்து தெரிந்த சொல் போல. "வச்சா மட்டும் போதாது. எத முன்ன எடுக்கணும்னு ஒரு ஒழுங்கு வேணும். உங்க மணிலாவுல சொல்லித் தரலயா?"

எனக்கு அந்த நிமிடமே வானத்தில் பறப்பது போல இருந்தது. ஆனாலும் புதன்கிழமை துறைக்குப் போய்ப் படகில் ஏறிப் பார்க்கும்வரை மனம் ஆறவில்லை.

அவள் வந்தாள். போன வருடம் துறையில் அழுத அதே பெண். குழந்தை இப்போது நடக்கிறது. சீட்டை இறுக்கிப் பிடித்தபடி தன் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஏறுகிற ஒவ்வொரு ஆளையும் இவனா, இவனா என்று பார்த்தாள். எல்லோரும் அவளைக் கடந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள். கதவைச் சாத்தினார்கள். சங்கு ஊதியது.

அப்போதுதான் அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.