வரைபடத்தில் விடுபட்ட ஊற்று

எங்கள் நவஹோ பழங்குடி ஊர்க்கூட்டத்தில் லீலண்ட் ஒரு பழைய வரைபடத்தை மேசையில் விரித்தான். செம்பாறைக்கு அடியில் இருக்கும் ஊற்றுக்கு அவனும் உரிமை கேட்டான், நாங்களும் கேட்டோம். அது கைவிட்டுப் போனால் ஆடுகளை விற்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

"சர்க்கார் போட்ட படம். வழி காட்டினது எங்க தாத்தா. மேடு பள்ளம் ஒண்ணு விடல. ஆனா செம்பாறைக்குக் கீழ ஊத்தும் இல்ல, வீடும் இல்ல. ஊத்த அப்புறமாத் தோண்டினது எங்கப்பா. வில்மா குடும்பம் அங்க காலங்காலமா இருந்துச்சாம்! எங்க, முயல் பொந்துலயா?" என்றான் லீலண்ட்.

வில்மா என் சின்னம்மா. ஆட்டுக்கறிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டுப் படத்தைக் குனிந்து பார்த்தாள். பொட்டல் முழுக்கக் கோடுகள் நெருக்கியடித்து ஓடின. செம்பாறைக்கு அடியில் மட்டும் வெறும் காகிதம்.

"ஏண்டா, உங்க தாத்தா மொதல்ல கட்டினது எங்க பெரியம்மாவத்தானே?"

"அதுக்கென்ன இப்ப?"

"அவங்க அம்மா, அதான் எங்க பாட்டி, அவங்க வீடு எங்க இருந்துச்சு?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியாரைக் கண்ணால் பார்த்தால் மருமகனுக்குப் பார்வை போய்விடும் என்பது எங்கள் நவஹோ ஜனங்களின் பயம். மாமியார் வந்தால் மருமகன் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

"அளக்க வந்த வெள்ளக்காரனுங்கள மனுஷன் சுத்தி சுத்திக் கூட்டிட்டுப் போயிருக்காரு. மாமியா வீடு இருந்த செம்பாறைப் பக்கம் மட்டும் எட்டிக்கூடப் பாக்கல. இந்த வெறுங்காயிதம்தாண்டா எங்க வீட்டுக்குச் சாட்சி."

"கட்டுக்கதை! மாமியாளுக்குப் பயந்து எவனாவது ஓடுவானா?"

சின்னம்மா சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "மேபெல், ரொட்டி பொரிச்சாச்சா? கொண்டா இங்க!"

மேபெல் லீலண்டின் மாமியார். காலையில் சின்னம்மாதான் தன் வண்டியில் ஏற்றி வந்து அடுப்படியில் விட்டிருந்தாள், பாதகத்தி.

கதவு கிரீச்சிட்டது. லீலண்ட் சர்க்கார் படத்தை வாரி முகத்தை மூடிக்கொண்டு, இரண்டு நாற்காலிகளைச் சாய்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தான். சிரிப்பு அடங்கிய பிறகுதான் ஊற்று யாருக்கென்று எங்களால் கை தூக்கி ஓட்டுப் போட முடிந்தது.

மேபெல் மருமகனுக்கென்று சூடான ரொட்டி இரண்டைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்பினாள். அவன் வண்டிக்குள் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தான்.

"போயிட்டாங்களா?"

"உள்ளதான் இருக்காங்க. ஊத்துதான் போயிடுச்சு."