மூன்றாவது கோஷ்டியின் பாட்டுக்காரி

கொழும்பிலிருந்து வந்த பொப் இசைக் கோஷ்டி கடைசியில்தான் மேடையேறும் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முன்னால் உள்ளூர்க் கோஷ்டிகள் மூன்று. யாழ்ப்பாணத்து மைதானத்தில் பின்னேரமே சனம் நெரிபட்டது. உடுவிலிலிருந்து வந்த சோமசேகரமும் அவனுடைய சிநேகிதன் தியாகலிங்கமும் இடித்துத் தள்ளி மேடைக்குக் கிட்டவாக இடம் பிடித்துவிட்டார்கள். சோமசேகரத்தின் தங்கை கமலாவதியைத் தியாகலிங்கத்துக்குப் பேசி முடித்திருந்தது. ஆவணியில் கல்யாணம்.

முதல் கோஷ்டியைக் கூ அடித்தே இறக்கினார்கள். இரண்டாவது கோஷ்டி அரைப் பாட்டோடு தானாகவே இறங்கிவிட்டது. மூன்றாவதாகக் குருநகர் யாகோப்பு கிற்றாரோடு வந்தான். பாட வந்தவள் அவனுடைய தங்கை பெர்னடெட்.

"இறங்கு! இறங்கு!" என்று கூட்டம் கத்தியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நல்ல குரல். கேட்கத்தான் ஆளில்லை.

"பார் மச்சான், இப்ப உவளை இறக்கிக் காட்டுறன்" என்றான் தியாகலிங்கம். அவன் கையில் வெறும் சோடாப் போத்தல் இருந்தது.

"விடடாப்பா" என்றான் சோமசேகரம், சிரித்துக்கொண்டே.

போத்தல் பறந்தது. பாட்டு அறுந்தது. பெர்னடெட் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள். விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போனதும் யாரோ ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மேடையைக் கழுவினார்கள். கொழும்புக் கோஷ்டி ஏறியது. டிறம் முழங்கியதும் அதே கூட்டம் ஆடத் தொடங்கியது. சோமசேகரமும் கை தட்டினான். நடுவில் பொலிஸ்காரர் வந்து விசாரித்தபோது, சுற்றி நின்ற எல்லாரையும் போல அவனும், "நான் காணேல்லை" என்றான்.

அவளுக்கு ஒரு கண் போய்விட்டது என்ற செய்தி உடுவிலுக்கும் வந்தது. அதன் பிறகு சோமசேகரத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனான். விறாந்தையில் யாகோப்பு நின்றான்.

"நானும் அண்டைக்கு அங்கை நிண்டனான்" என்றான் சோமசேகரம்.

"எறிஞ்சவனைக் கண்டனீங்களோ ஐயா?"

சோமசேகரம் கொண்டுவந்த தோடம்பழங்களை நீட்டினான்.

"எல்லாரும் உப்பிடித்தான். வருகினம், தோடம்பழம் தருகினம், போகினம். அவ்வளவு சனத்திலை ஒருத்தரும் காணேல்லையாம்."

உள்ளேயிருந்து பெர்னடெட்டின் குரல் கேட்டது. "ஆர் அண்ணை? பாட்டுக் கேட்க வந்தவையோ? நான் எங்கை பிழையாப் பாடினனான் எண்டு ஒருக்காக் கேளுங்கோ."

அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கமலாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"நான் வாயைத் திறந்தா உன்ரை கல்யாணம் நிண்டுபோம், பிள்ளை. ஊர் என்னென்ன கதைக்குமோ."

"பாடிக்கொண்டு நிண்டவளுக்கு எறிஞ்ச கை அண்ணை அது. நாளைக்குக் கறியிலை உப்புக் கூடினா எனக்கு எறியாதோ? அந்தக் கையிலை என்னைப் பிடிச்சுக் குடுத்திட்டு அப்பவும் காணேல்லை எண்டு சொல்லுவியளோ?"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனான். தியாகலிங்கத்தின் பெயரைச் சொன்னான்.

"கண்ணாலை கண்டனீர். அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"பயம், ஐயா. என்ரை வீட்டு அலுவல் கெட்டுப்போமெண்ட பயம்." என்றான். "எறிஞ்சது ஒரு கைதான். ஆனா பக்கத்திலை நிண்டு சிரிச்சவனும், கண்டும் காணேல்லை எண்டவனும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளையின்ரை கண்ணைப் பறிச்சனாங்கள். அநியாயத்தைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்கிறவனும் அதைச் செய்தவன்தான். என்ரை பேரையும் எழுதுங்கோ."