மூச்சுக்கு எந்த அறை

எங்கள் ஊரில் பிறக்கும் குழந்தையின் மூச்சை ஆறு மாதத்துக்குள் ஊர்க் கெர்னலில் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காத மூச்சு தற்காலிகமானது. குழாய்த் தண்ணீர் முதல் தூக்கம் வரை ஊரில் ஓடும் எல்லாவற்றையும் நடத்துகிற நிரல்தான் கெர்னல். நூலக மாடியில் அதற்கு இரண்டு அறைகள். ஒவ்வொன்றையும் ஓட்டும் சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். எந்த வீட்டிலும் ஓடக்கூடிய டிரைவர்கள் வடக்கு அறையில். ஒரே ஒரு வீட்டின் அமைப்பில் மட்டும் ஓடுபவை தெற்கு அறையில்.

மூச்சு டிரைவரைத் தாய்தான் எழுத வேண்டும். செலினாவுக்கு நான் எழுதினேன். அவளுடைய கெடு வெள்ளிக்கிழமை ஐந்து மணி. வியாழன் காலை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். படியேறும்போது மூன்று முறை அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன்.

வடக்கு அறைப் பொறுப்பாளர் பிரிசில்லா மேடம் தாளைப் புரட்டினார்.

“என்னம்மா இது? மூச்சுக்குத் தாளம் எங்கேர்ந்து வருதுங்கிற இடத்துல உங்க வீட்டு ஃபேனோட கிறீச் சத்தத்தை எழுதி வச்சிருக்கீங்க?”

“அந்த இடம் காலியா இருந்துச்சு மேடம்.”

“காலியாத்தான் இருக்கணும். அந்தந்த வீடு நிரப்பிக்கும்.”

கான்வென்ட்டில் கோடிட்ட இடத்தைக் காலியாக விட்டால் சிஸ்டர் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். நான் எதையும் காலியாக விட்டதில்லை.

தெற்கு அறையில் தங்கத்துரை சார் இருந்தார். “வடக்கே கழிச்சதையெல்லாம் கொட்ட இதென்ன குப்பைத்தொட்டியா? சரி, குடுங்க. ஆனா பாப்பா உங்க வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.”

“எத்தனை நாளைக்கு சார்?”

“ஆயுசுக்கும்.”

“கரண்ட் போனா?”

“மூச்சும் போகும். அதை ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க.”

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கிறீச் சத்தத்தை அழித்தேன். காலியான கோட்டின் மேல் இரண்டு முறை பேனாவை வைத்து எடுத்தேன்.

வெள்ளி மதியம் மேடமும் சாரும் என்னோடு வந்து, தையல்காரர் வீட்டுக்குள் தற்காலிக மூச்சை நிறுத்திச் சோதித்தார்கள். செலினா தையல் மிஷின் தாளத்துக்கு மூச்சு விட்டாள். திண்ணையோடு ஒட்டிய அடுத்த வீட்டில் குக்கரின் தாளத்துக்கு. எதிர்வீட்டுக்குத் தெருவைக் கடந்தபோது அவள் மூச்சு நின்றது. ஓடிப்போய் எதிர்வாசலில் ஏறினேன். அங்கே யாரோ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு வந்தது.

“தெரு வீடில்ல. அது என் அறைக்கு வராது” என்றார் தங்கத்துரை சார்.

“வீடே இல்லாத இடத்துல கோட்டை யாரு நிரப்புவா? எனக்கும் வராது” என்றார் பிரிசில்லா மேடம்.

“அப்ப தெருவை அநாதைன்னு எழுதிடுவோமா?” என்றார் சார்.

மணி நாலு ஐம்பது. குழந்தையை இறுக்கிக்கொண்டு, “தெருவை நான் பார்த்துக்குறேன்” என்றேன்.

இருவரும் முதல்முறையாக ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். செலினா வடக்கு அறையில் சேர்ந்தாள். தெருவில் மட்டும் அவள் மூச்சை அம்மா ஓட்டவேண்டும்.

ஓர் ஆள் ஒரு மூச்சைத்தான் ஓட்ட முடியும். ஆகவே அவளோடு வெளியே கிளம்பும்போதெல்லாம் என்னுடையதை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிறேன். மூடி போட்டு வை, தயிர் வாடை பிடிச்சுக்கும் என்கிறார் என் கணவர்.