பதினாறு பல்லும் மாமியின் ஏச்சும்

ஒரு வீட்டில் எட்டு மாசம் இருந்தும் ஒரு ஏச்சுக்கூட வாங்கவில்லை என்றால் அது என்ன வீடு? லொட்ஜ்! றம்ஸீனுக்கு அந்தக் கவலைதான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். "மாமி வீட்டுல என்னை ஒருத்தரும் ஏசுறாங்க இல்ல" என்று எந்த ஆம்பிளை போய் யாரிடம் முறைப்பாடு வைக்கிறது?

அவன் இறக்காமத்துப் பொடியன். வயல் செய்கிற குடும்பம். அவனுடைய உம்மா ஏசத் தொடங்கினால் குளத்துக்குள் கிடக்கிற எருமைகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஏசின வாய் மூடுமுன்னே கை சோற்றைப் போட்டுவிடும். அப்படி வளர்ந்தவனைச் சாய்ந்தமருதில் முஸ்பிறாவுக்குக் கலியாணம் பேசினார்கள். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது வழக்கம். வீடு பெண்ணுக்கு எழுதினது. கட்டில் அவங்கட, கதிரை அவங்கட, தேத்தண்ணி குடிக்கிற கோப்பையும் அவங்கட. கல்முனையில் ஒரு பார்மசியில் வேலை முடித்துப் பின்னேரம் வந்து, அந்தக் கதிரையின் நுனியில் விருந்துக்கு வந்தவன்போல இருப்பான் றம்ஸீன்.

மாமா கத்தாரில் ட்ரைவர். ஆகவே வீட்டில் முஸ்பிறாவும் அவளுடைய உம்மா ஹாஜறாவும்தான். ஹாஜறா மாமி பழைய ஒழுங்கு. மருமகனுக்கு முன்னால் வரமாட்டார், முகத்துக்கு நேரே கதைக்கமாட்டார். மரியாதையாம்! குசினி வாசலில் ஒரு பச்சைத் திரை. அங்கால் மாமி, இங்கால் மாப்பிள்ளை. கதைக்க ஏதும் இருந்தால் ஃபோனில் குரலைப் பதிந்து வொய்ஸ் போடுவார். பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு!

"மாப்பிள்ளை, ராவைக்குக் கோழியா, மீனா?"

முதலில் குரல் திரைக்குள்ளால் நேரே கேட்கும். பிறகு அதே குரல் ஃபோனுக்குள்ளால் கேட்கும். இவனும் ஃபோனை வாயடியில் வைத்து, "மீனே காணும் மாமி, கோழி வேணாம்" என்பான். அதுவும் இரண்டு தரம் கேட்கும். முஸ்பிறா நடுவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நல்ல கூத்து!

ஒருநாள் மாமி ஆசையாக வைத்திருந்த பீங்கான் தட்டைக் கைதவறிப் போட்டு உடைத்தான். அவனுடைய உம்மாவாக இருந்தால் அக்கம் பக்கம் முழுக்கக் கூடியிருக்கும். இங்கே ஃபோன்தான் கிணுகிணுத்தது. "பரவாயில்ல மாப்பிள்ளை, கண்ணூறு கழிஞ்சது எண்டு நினைச்சுக்கொள்ளுங்க." அன்றைக்கு அவன் சோறு சரியாகத் தின்னவில்லை. அந்நியனுக்குத்தான் இப்படிப் பரவாயில்லை சொல்வார்கள். சொந்தப் பிள்ளை என்றால் அகப்பை பறந்திருக்கும்.

சொந்தமாக ஒரு சைக்கிள் கட்டுகிற யோசனை அந்தக் கிழமைதான் வந்தது. மாமாவின் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நிற்கத்தான் செய்தது. அதை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பை ஒரு தட்டில் வைத்து மகளிடம் கொடுத்தும் அனுப்பினார் மாமி. றம்ஸீன் தொடவில்லை. எல்லாமே அவங்கட என்று இருக்கிற வீட்டில் தன் கையால் செய்த ஒரு சாமானாவது வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு கல்முனையில் பழைய இரும்புக் கடையில் ஒரு பிரேம் எடுத்தான். ஒரு காலத்தில் கியர் சைக்கிளாக இருந்தது. கியர் எல்லாம் கழன்று, நீலப் பெயின்ட் உரிந்து, பார்க்கப் பாவமாக இருந்தது. தொங்கிக் கிடந்த வயர், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எறிந்தான். துருவைத் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தான். சில்லுக்குக் கம்பி கோத்தான். முன்பல்லுச்சில்லும் பின்பல்லுச்சில்லும் ஒரே நேரில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தான். ஒற்றைக் கியர் சைக்கிளுக்கு அதுதான் உயிர். செயின் கோணலாக ஓடினால் கத்தும், கழலும், கடைசியில் ஆளையும் விழுத்தும்.

திரைக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த மாமிக்கு நெஞ்சு பதறிவிட்டது. "அல்லாவே, மாப்பிள்ளைட கையெல்லாம் கிரீஸ்! ஊரார் கண்டா என்ன சொல்லுவாங்க? மருமகனைப் புடிச்சு வேலை வாங்குறம் எண்டு சொல்ல மாட்டாங்களா?" மகளிடம்தான் சொன்னார். உடனே ஒரு தட்டில் சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும் துவாயும் வந்தன. றம்ஸீன் பெருமூச்சு விட்டுக்கொண்டு கை கழுவினான்.

எல்லாம் பூட்டி முடிய, ஒரு பெரிய கேள்வி மிச்சம். பின்னுக்கு எத்தனை பல்லு?

முன்னுக்கு நாற்பத்தாறு, அது அப்படியே இருக்கும். பின்னுக்குப் பூட்ட மூன்று பல்லுச்சில்லு வாங்கி வைத்திருந்தான். பதினாறு, பதினெட்டு, இருபது. பின்னுக்குப் பல்லுக் குறைந்தால் ஒரு மிதிக்கு வீதி கூடுதலாக ஓடும், ஆனால் தொடை அழும். பல்லுக் கூடினால் கால் லேசாகச் சுற்றும், வீதிதான் மெல்ல நகரும். கியர் உள்ள சைக்கிள் என்றால் பாரத்துக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று என்று மாற்றலாம். இதில் ஒன்றுதான். பூட்டினால் பூட்டினதுதான்.

விடியச் சுபஹ் தொழுதுவிட்டு ஒவ்வொன்றாகப் பூட்டி ஓடிப் பார்த்தான். அந்த நேரம் மெயின் வீதியில் வாகனம் இல்லை, காற்று இல்லை. மேடு என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. அக்கரைப்பற்று வரைக்கும் தேங்காயை உருட்டிவிட்டாலும் தன்பாட்டில் நிற்கிற தட்டை நிலம். பதினாறு பல்லைப் பூட்டி மருதமுனை வரைக்கும் போய்வந்தான் பாருங்கள், சைக்கிள் பறந்தது! மீன்காரரின் மோட்டார் சைக்கிளை முந்தினானாம். மீன்காரர் அப்போது வண்டியை நிறுத்தி நெத்தலி நிறுத்துக்கொண்டிருந்தார் என்பதை முஸ்பிறாவிடம் சொல்லவில்லை.

"பதினாறுதான்! வேற கதையே இல்ல" என்றான். மற்ற இரண்டும் கடதாசியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே போயின.

இரண்டு நாளில் ஃபோன் கிணுகிணுத்தது. "மாப்பிள்ளை, பின்னுக்குச் சாமான் வைக்க ஒண்டும் இல்லையே. உங்கட உம்மாவப் பார்க்கப் போகக்குள்ள என்னத்துல வைக்கிற?" மாமி சொன்னால் தட்ட ஏலுமா? ஒரு கெரியர் வாங்கிப் பூட்டினான். கெரியர் பூட்டினவன் பல்லைப் பற்றியும் ஒருக்கா யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

அடுத்த கிழமை இன்னொரு வொய்ஸ். "மாப்பிள்ளை, பிழையா நினைக்காதீங்க. வேலையால வந்து கேற்றுக்குள்ள ஏறக்குள்ள உங்கட முகம் கோணுது. அந்தச் சைக்கிள்ல ஏதோ சரியில்ல." மாமிக்குப் பல்லும் தெரியாது, கியரும் தெரியாது. திரை விலகலுக்குள்ளால் அவன் முகத்தை மட்டும் பார்க்கிறவர். "ஓம் மாமி" என்று பதில் போட்டான். பிறகும் இரண்டு தரம் சொன்னார். "ஓம் மாமி. ஓம் மாமி." முழங்கால் இரவில் குத்தியது என்னவோ மெய்தான். ஆனால் பறந்த சைக்கிளைப் பறக்காமல் செய்ய யாருக்கு மனசு வரும்?

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அதோடு கச்சான் காற்றும் வந்தது. மத்தியானம் திரும்பினால் மேற்கில் வயல் பக்கமிருந்து கடல் பக்கமாக, அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல அடிக்கிற காற்று. இறக்காமத்துப் பொடியனுக்குக் கச்சான் தெரியாதா? தெரியும். சின்னதில் கடற்கரை பார்க்கச் சைக்கிளில் வரும்போது முதுகில் பிடித்துத் தள்ளுகிற காற்று அது. திரும்பிப் போகும்போது சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றிவிட்டு உள்ளே நித்திரை கொள்கிறவனுக்கு மற்றப் பக்கம் எங்கே தெரியும்!

பெருநாளுக்கு அடுத்த நாள் உம்மாவைப் பார்க்கப் புறப்பட்டான். காலையில் போக நினைத்தவனை வந்த சனம் விடவில்லை. மத்தியானம் லுஹர் தொழுது, தின்று, சாமான் கட்டி எடுக்க நேரம் போய்விட்டது. என்ன சாமான் என்கிறீர்கள்? சம்பந்தி வீட்டுக்குப் போகிறது அல்லவா, மாமி கை சுருங்குமா? ஒரு பெரிய சட்டி நிறையக் குர்பான் இறைச்சிக் கறி, வட்டிலப்பம் ஒரு தட்டு, தொதல் ஒரு பெட்டி, உம்மாவுக்கு ஒரு சேலை. பழைய டியூப் ரப்பரால் எல்லாவற்றையும் கெரியரில் இறுக்கிக் கட்டினாள் முஸ்பிறா. சைக்கிளின் முன்சில்லு எழும்பப் பார்த்தது.

"மச்சான், மோட்டார் சைக்கிள்ல போங்களன்" என்றாள்.

"நான் கட்டின சைக்கிள்லதான் எங்கட உம்மாட வாசல்ல போய் இறங்குவன்" என்றான். வீறாப்பு!

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினதுமே கச்சான் நெஞ்சில் கையை வைத்தது. சம்மாந்துறை வரைக்கும் கடைகளின் மறைப்பில் எப்படியோ போய்விட்டான். அதைத் தாண்டினால் வட்டை. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின மட்டும் வயல்தான், காற்றை மறிக்க ஒரு மதில் இல்லை. பதினாறு பல்லு கல்லாய்ப் போயிற்று. எழும்பி நின்று ஒரு பெடலில் முழுப் பாரத்தையும் போட்டால் அது மெல்ல மெல்லக் கீழே போகும், மற்றது மேலே வந்து நின்று இவனைப் பார்க்கும். சட்டிக்குள் கறி குலுங்குகிற சத்தம் வேறு. முழங்கால் "யா அல்லாஹ்" என்றது. கடைசியில் இறங்கித் தள்ளினான். பறந்த சைக்கிள்! தள்ளத் தள்ள வெயில் சாய்ந்துகொண்டு வந்தது. இன்னும் பாதி வழி கிடந்தது. பொழுது பட்டால் குளத்துப் பக்கத்தால் ஆனை இறங்கும் என்பது அந்த ஊரில் பிறந்தவனுக்குத் தெரியாததா? ஒரு மருத மரத்தடியில் நின்று மூச்சு வாங்கினான். பயம் வந்துவிட்டது.

ஃபோன் கிணுகிணுத்தது. "மாப்பிள்ளை, எவ்வடத்த நிக்கிறீங்க?"

உண்மையைச் சொல்ல வெட்கம். ஃபோனை வாயடியில் வைத்து, "இறக்காமத்துக்குக் கிட்ட வந்திட்டன் மாமி. ஒரு பிரச்சினையும் இல்ல" என்றான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காவது நிற்குமாம். இவனுடையது எட்டு நொடிகூட நிற்கவில்லை. போட்ட வொய்ஸைத் தானே கேட்டுப் பார்த்தான். ஹோ என்று வட்டைக் காற்றின் இரைச்சல். அதற்குள் இவனுடைய இளைப்பு, மாடு இளைக்கிறதுபோல. சொல் அரைவாசிதான் விளங்கியது.

ஃபோனைச் சட்டைப் பையில் போட்டான். மறுபடியும் தள்ளத் தொடங்கினான்.

அரை மணித்தியாலம் தள்ளியிருப்பான். பின்னால் ஒரு திரீவீலர் வந்து, முன்னே வெட்டி நின்றது. பக்கத்து வீட்டுக்காரருடையது. முதலில் முஸ்பிறா இறங்கினாள். அவள் பின்னால் கறுப்பு அபாயாவைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு, சோடி மாறின செருப்போடு இறங்கினவரைப் பார்த்ததும் றம்ஸீனுக்குச் சைக்கிள் கைநழுவப் பார்த்தது. மாமி! திரை இல்லை, ஃபோன் இல்லை. எட்டு மாசத்தில் முதல் தரம் முகத்துக்கு நேரே.

"அறிவு இருக்காடா உனக்கு?" என்றார் மாமி. கச்சானே ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்றது. "முகம் கோணுது, முகம் கோணுது எண்டு எத்தின தரம் சொன்னன்? கேட்டியா? ஓம் மாமி, ஓம் மாமி எண்டு மண்டைய ஆட்டத்தான் தெரியும்! ஆனை வந்து நிண்டா ஆனைக்கும் ஓம் மாமி எண்டுதான் சொல்லுவியா? கிட்ட வந்திட்டானாம்! பொய் வேற! உனக்கு ஒண்டு ஆனா என்ட புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுற? உன்ட உம்மாட முகத்துல எப்படி முழிக்கிற? வாயத் துறக்கிறானா பாரு, மரம் மாதிரி!"

முஸ்பிறா, "உம்மா... உம்மா..." என்று கையைப் பிடித்தாள். மாமி உதறினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

றம்ஸீனுக்குச் சந்தோஷம் தாங்க ஏலாமல் போயிற்று. எட்டு மாசமாக அந்த வீட்டில் எங்கே தேடியும் கிடைக்காத சாமான் இந்த நடு வட்டையில் வந்து தலையில் கொட்டுகிறது! வாயைக் கட்டிப் பார்த்தான், முடியவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டான்.

"சிரிக்கிறான் பாரு!" என்றார் மாமி. அப்போதுதான் தான் யாருக்கு முன்னால் நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடிப்போய் திரீவீலருக்குள் ஏறிவிட்டார்.

சட்டியும் தட்டும் பெட்டியும் திரீவீலருக்கு மாறின. சைக்கிளைக் கூரையில் கட்ட வழியில்லை. பாரம் போனதும் பதினாறு பல்லுக்கும் கொஞ்சம் இரக்கம் வந்தது. திரீவீலர் முன்னால் காற்றை மறித்துக்கொண்டு மெல்லப் போக, அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு றம்ஸீன் மிதித்தான். முழங்கால் நொந்தது, மனசு பஞ்சாய்க் கிடந்தது.

சட்டைப் பையில் ஃபோன் கிணுகிணுத்தது. ஒரு கையால் எடுத்துக் கேட்டான். பழைய குரல், பழைய மரியாதை. "மாப்பிள்ளை, பயத்துல என்னென்னவோ கதைச்சிட்டன். மனசுல வெச்சுக்கொள்ளாதீங்க. மன்னிச்சுக்கொள்ளுங்க."

திரை மறுபடியும் விழப் பார்க்கிறது! மிதித்துக்கொண்டே, இளைத்து இளைத்து, ஃபோனுக்குள் சொன்னான். "மாமி, நாளைக்கே இருபது பல்லுப் பூட்டுறன். உங்கட சட்டியக் கெரியர்ல வெச்சு, பின்னேரக் காத்துல ஓடிப் பார்த்துத்தான் பூட்டுவன். ஆனா இந்த மன்னிப்பு எனக்கு வேணாம் மாமி. முதல் ஏசினீங்களே, அதுதான் எனக்கு வேணும்."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். முன்னால் போகிற வண்டிக்குள் அவனுடைய வொய்ஸ் பாடுகிற சத்தம் மெல்லக் கேட்டது. முஸ்பிறா சிரிக்கிறதும் கேட்டது.

திரீவீலரின் பக்கத்தால் ஒரு தலை வெளியே வந்தது. முக்காடு காற்றில் பறக்க, மாமி அவனை நேரே பார்த்தார்.

"கதைச்சது காணும்! பொழுது படுகுது, மிதிடா மகன்!"